பணியிடப் பாலியல் தொல்லை: உள்ளகக் குழுவா, காவல் நிலையமா?

மேலதிகாரி இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆபாசப் படம் அனுப்புகிறார். இதற்கு இந்தியாவில் இரண்டு வழிகள் உண்டு: 2013ஆம் ஆண்டுப் பணியிடச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் போலீஸ். ஒன்றுக்குப் போனால் மற்றது அடைபட்டுவிடாது.

எது தொல்லை என்பதில் பணியிடச் சட்டத்துக்குத்தான் வீச்சு அதிகம். தொடுவது, இணங்கச் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது, படம் காட்டுவது மட்டுமல்ல. விருப்பத்துக்கு மாறான, பாலியல் தன்மையுள்ள எந்தச் சொல்லும் சைகையும் அதில் வரும். கைபட்டால்தான் தொல்லை என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. பாலியல் சாயலே இல்லாத வசவும் வேலைச்சுமையும் மட்டும் இதில் சேராது. சன்ஹிதாவின் 75ஆம் பிரிவோ முதலில் சொன்ன அந்த நான்கோடு நின்றுவிடுகிறது. ஆபாசப் பேச்சுக்கு 1 ஆண்டு வரை, மற்ற மூன்றுக்கும் 3 ஆண்டு வரை சிறை. பின்தொடர்வதற்கு 78ஆம் பிரிவு தனியாக உண்டு.

பலர் சறுக்குவது கால அளவில்தான். குழுவிடம் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். அதற்குமேல் கிடையாது. துணைவேந்தர் ஒருவர் மீதான புகார் இப்படிக் காலம் கடந்ததாலேயே 2025இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. குற்ற வழக்குக்கோ ஆபாசப் பேச்சென்றால் 1 ஆண்டு, மற்ற மூன்றுக்கும் 3 ஆண்டு. அதனால் குழுவுக்கான புகாரை முதலில் எழுதிவிடுங்கள். கை வைத்திருந்தாலோ மிரட்டியிருந்தாலோ காத்திருக்காமல் அன்றே போலீஸுக்கும் போங்கள்.

"தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் புகார் பலவீனமாகிவிடும். தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் பெயர் எல்லாம் வேண்டும். ஆதாரங்களோடு 6 பிரதிகள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மெசேஜை அழிக்காதீர்கள்; நீதிமன்றத்தில் மூலப் போனும் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் கேட்கலாம்.

குழுவின் பெரிய பலம் உடனடி நிவாரணம். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ, உங்கள் வழக்கமான விடுப்பைத் தொடாமல் 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். போலீஸால் இதைத் தர முடியாது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தே குழு முடிவெடுக்கும். நீதிமன்றத்திலோ சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குழு விசாரணையில் வக்கீல் வைக்க முடியாது. சமரசத்தை நீங்கள் கேட்டால் மட்டுமே பேசலாம், அதுவும் பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது. இது தெரியாமல் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் விசாரணையே நடக்காது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகப் "பொய்ப் புகார்" என்று உங்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் முடியாது.

10 பேருக்குக் குறைவான கடையிலோ வீட்டு வேலையிலோ இருந்தால், அல்லது தொல்லை தருபவரே முதலாளி என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீதோடு திருப்பி அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர் ஆகாது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.