இதய ரத்த ஓட்ட ஸ்கேன்: ஆட்கள் நல்லவர்கள், வரவேற்பு சுமார்

ட்ரெட்மில்லில் மூச்சு வாங்கும்போதே டெக்னீசியம் செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டார்கள். ரத்தம் நன்றாகப் பாயும் இதயத் தசையில் அது அதிகம் தங்கும். அடைப்பிருந்தால் அந்தப் பக்கம் படத்தில் மங்கும். அப்புறம் பால் குடிக்கச் சொன்னார்கள். கல்லீரலில் சேர்ந்த மருந்து இறங்கினால்தான் இதயம் தெளிவாகத் தெரியுமாம்.

கேமராவுக்கு அடியில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுப்பதுதான் பெரும்பாடு. தோள் வலிக்கிறது என்றதும் டெக்னீஷியன் தம்பி முழங்கைக்குத் தலையணை வைத்தார். நல்ல பிள்ளை.

வரவேற்பில்தான் கோளாறு. முந்தின நாளே காபி, டீயை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ட்ரெட்மில்லுக்குப் பதில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க வந்த ஒருவர், காலையில் காபி குடித்ததால் திரும்பிப் போனார். டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆனாலும் அன்று பேத்தியை மடியில் வைக்க வேண்டாம் என்றார்கள்.