எஸ்ஆர்830 லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்: ஸ்பின் கடிகாரம் படிக்க வாங்கலாமா?

ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் சிஸ்டம்ஸின் எஸ்ஆர்830: நாம் அனுப்பும் அலையின் அதே அதிர்வெண்ணில் வரும் சின்ன சிக்னலை மட்டும் இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் லாக்-இன் கருவி. எங்கள் ஆய்வகத்துக்கு இது பழைய சரக்காகத்தான் வந்தது. நான்கு வருடமாகத் தினமும் இதன் முன்னால்தான் உட்காருகிறேன். டனலிங் நேரத்தை, அதாவது தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத தடுப்பை எலக்ட்ரான் ஊடுருவும் நேரத்தை, ஸ்பின்னை (எலக்ட்ரானுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) வைத்து அளக்க இறங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பது என் முடிவு.

வேலை என்ன என்று சொன்னால்தான் கருவியின் அருமை புரியும். இரண்டு காந்த உலோகப் படலங்கள், நடுவே ஓரிரு நானோமீட்டர் மெக்னீசியம் ஆக்சைடு. அந்தத் தடுப்பை எலக்ட்ரான் ஊடுருவ எவ்வளவு நேரம் பிடிக்கிறது? 1966-இல் இயற்பியலாளர் பாஸ் துகள் மோதல்களுக்குச் சொன்ன வழியை 1967-இல் ரிபாசென்கோ டனலிங்குக்குக் கொண்டுவந்தார்: தடுப்புக்குள் மட்டும் காந்தப்புலம் வை, எலக்ட்ரானின் ஸ்பின் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று வெளியே பார். புலத்தில் ஸ்பின் சீராகச் சுற்றும் என்பதால், திரும்பிய கோணமே நேரத்தைச் சொல்லும். அதுதான் லார்மர் கடிகாரம். டொராண்டோவில் ஸ்டெய்ன்பெர்க் குழுவினர் 2020-இல் குளிர்ந்த ருபிடியம் அணுக்களை வைத்து இதைச் செய்து, 0.61 மில்லிநொடி என்று அளந்தார்கள். திடப்பொருளில் நமக்கு அந்தச் சொகுசு கிடையாது. 1 டெஸ்லா புலத்தில் எலக்ட்ரான் ஸ்பின் நொடிக்கு 2800 கோடி முறை சுற்றும். ஊடுருவ 1 ஃபெம்டோநொடி ஆகிறது என்று வைத்தால், அது திரும்பும் கோணம் வெறும் 0.01 டிகிரி. மின்னோட்டத்தில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் தெரியும்.

அதைத் தேடத்தான் இந்தப் பெட்டி. திரை காட்டும் முழு அளவு 2 நானோவோல்ட் வரை இறங்கும், 1 மில்லிஹெர்ட்ஸ் முதல் 102.4 கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். எனக்கு வேண்டியது 17 ஹெர்ட்ஸ்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறு: அனுப்பும் அலையோடு ஒத்து வரும் பகுதி எக்ஸ், அதிலிருந்து 90 டிகிரி விலகி வரும் பகுதி ஒய்; இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இயற்பியலாளர் பியூட்டிக்கர் 1983-இல் காட்டியபடி, தடுப்பில் ஸ்பின் பக்கவாட்டில் திரும்புவதோடு நிற்காது, புலத்தின் திசைக்கும் சாயும். ஸ்பின்னின் இந்த இரண்டு கூறுகளையும் பார்க்காமல் நேரம் பேச முடியாது. அவை எக்ஸ், ஒய் அல்ல; ஆனால் எதிலும் இரண்டு கூறுகளையும் விடாமல் பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இந்த இரட்டைத் திரை.

ஒரு அனுபவம். 10 கிலோஓம் சந்தி (மேலே சொன்ன படலம்-தடுப்பு-படலம் அடுக்கு), ஒரு மீட்டர் கோஆக்ஸியல் கேபிள். கேபிளின் மின்தேக்கம் சுமார் 100 பிகோஃபாரட். 17 ஹெர்ட்ஸில் அதன் வழியே கசியும் மின்னோட்டம் சந்தியின் மின்னோட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாங்கள் தேடும் ஸ்பின் சிக்னலின் அதே அளவு! அது ஒய்-யில் வரும், ஸ்பின் எக்ஸில் வரும், ஆகவே ஃபேஸ் (எக்ஸையும் ஒய்யையும் பிரிக்கும் கோணம்) சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. நான் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வெட்டும் லைன் ஃபில்டரைப் போட்டுவிட்டு ஃபேஸைத் திரும்பச் சரிசெய்யவில்லை. ஃபில்டர் 17 ஹெர்ட்ஸிலும் ஃபேஸை ஐந்து டிகிரி அளவுக்கு நகர்த்துகிறது. ஒய்-யில் பத்தில் ஒரு பங்கு எக்ஸுக்குள் வந்துவிட்டது. காந்தத்தை ஏற்றும்போது கேபிள் அசைய, எக்ஸும் கூடவே அசைந்தது. இரண்டு வாரம் அதை ஸ்பின் என்றே நம்பினேன். "ஃபில்டரை அணைச்சுப் பாருடா தம்பி" என்று சீனியர் அக்கா சொன்ன அன்றுதான் விடிந்தது.

கவனிக்க வேண்டியவை: சந்திக்கு அலையை அனுப்பும் வாயான சைன் அவுட் 4 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போகாது. 4.2 கெல்வின் குளிரில் அளந்தால் வெப்ப ஆற்றலே 0.36 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான், 4 மில்லிவோல்ட் அதற்கு மிக அதிகம் என்பதால், வோல்ட்டேஜை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும் ரெசிஸ்டர் பெட்டி ஒன்றை நீங்களே சால்டர் செய்துகொள்ளுங்கள். கணினியோடு பேச ஜிபிஐபி அல்லது ஆர்எஸ்-232 என்ற பழைய வகை இணைப்புகள் மட்டுமே. கையேட்டை மட்டும் தவறவிடாதீர்கள். லாக்-இன் என்றால் என்ன என்று அதில் எழுதியிருப்பதைத்தான் புது மாணவர்களுக்கு முதல் நாளே கொடுக்கிறேன்.

பழைய சரக்காக வாங்கினால், சைன் அவுட்டை ஒரு சின்ன கேபிளால் நேரே ஏ இன்புட்டில் மாட்டுங்கள். ஃபேஸ் பூஜ்யம், லைன் ஃபில்டர் அணைத்து வைத்து, எக்ஸ் நீங்கள் வைத்த வோல்ட்டேஜைக் காட்ட வேண்டும், ஒய் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். எங்களுக்கு விற்ற தரகர் அனுப்பிய பெட்டியில் இன்புட் சாக்கெட் ஆடியது. வந்த அன்றே இப்படிச் சோதித்ததால்தான் மாற்றி வாங்க முடிந்தது.