உப்புக் காற்றில் பழைய ஆல்டோ: சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டில் மாற்றிய அனுபவம்

கடற்கரையோரம் ஓடும் பழைய காரின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களைத் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பை, பள்ளங்களைவிட உப்புதான் அதிகம் கெடுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் 2007 மாடல் மாருதி ஆல்டோவின் முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் கை), ஸ்டெபிலைசர் பார் (கார் சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி) புஷ்கள் எனப்படும் ரப்பர் உறைகள், பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) ஆகியவற்றை வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றினேன். அன்று போட்ட பாகங்களில் எவை நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்று இன்று திரும்பிப் பார்க்கும்போது, ரப்பரைத் தவிர மற்றவற்றில் எந்த கம்பெனிப் பொருள் என்பதைக் காட்டிலும், மாட்டும் நேரத்தில் உப்பும் ஈரமும் புகாதபடி என்ன செய்தோம் என்பதே அவற்றின் ஆயுளைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளிக்கும் மண்டபம் என்ற ஊருக்கும் இடையில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய்வதற்கு மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத் துகள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். ஆகையால் மழையே பெய்யாத மாதத்தில்கூட, ஸ்பிரிங்கின் அடித்தட்டிலும் புஷ்களின் இரும்புக் குழலுக்குள்ளும் படிந்த உப்பு விடிய விடிய நனைந்தே கிடக்கிறது.

பழுதை முதலில் காட்டிக்கொடுத்தது பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது கார் எழுப்பும் ஒலி ஒரே சீராக இருக்க வேண்டும். எங்கள் காரிலோ ஒவ்வோர் இணைப்பிலும் இடது முன்பக்கத்திலிருந்து இரண்டாவதாக ஒரு தட்டல் வந்தது. பிரேக் பிடித்தாலும் அதே 'டக்' ஒலி கேட்டது. ஆல்டோவின் முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் பாரின் முனை லோயர் ஆர்முக்குள் நுழைந்து, சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. அந்த இடத்துப் புஷ் தேய்ந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சற்றே பின்னால் தள்ளப்பட்டு இரும்போடு இரும்பு மோதும். ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தப் புஷ்ஷைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதன் விலை மிகக் குறைவு. எங்கள் காரில் இரண்டுமே போயிருந்தன. ஸ்ட்ரட்டின் மேல் லேசான எண்ணெய்க் கசிவு இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் எங்களுடையது கீழ்த்தட்டுவரை வழிந்து, அதில் மண் அப்பிக் கிடந்தது.

இந்தப் பக்கத்து முற்றம் எல்லாம் மணல் என்பதால், ஜாக்கியோ ஸ்டாண்டோ நேரடியாக நின்றால் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்ந்துவிடும். தடிமனான பனம்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவற்றின் மேல் ஸ்டாண்டுகளை நிறுத்தினேன். ஹாலோ பிளாக் கற்களைக் காருக்கு அடியில் வைப்பதை எங்கள் ஊரில் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கக்கூடியது, அதை நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது.

பழைய போல்ட்டுகளைக் கழற்றுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. உச்சிப்புளியில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவர், "தம்பி, நம்ம ஊர்ல போல்ட்டு கழண்டுட்டாப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். லோயர் ஆர்மின் உள்பக்கப் போல்ட்டு, புஷ்ஷின் இரும்புக் குழலோடு துருவால் ஒன்றாகிவிட்டிருந்தது. நட்டு கழன்ற பிறகும் போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, விட்டவுடன் மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றது. வேலைக்கு முந்தைய நாட்களிலேயே துரு இளக்கும் எண்ணெயை மாலைதோறும் விட்டு ஊற வைத்திருந்ததால், வலம் இடமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி, உடையாமல் வெளியே எடுக்க முடிந்தது. அதன் நடுப்பகுதி அரித்து மெலிந்திருந்தது. புது நட்டு, போல்ட்டு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். ஆர்மின் வெளிமுனையைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுவதுமாக உருவி எடுத்தாக வேண்டும். அது ஜாயிண்ட்டின் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகச் செல்வதால், தளர்த்திவிட்டு மட்டும் தட்டினால் எவ்வளவு அடித்தாலும் வராது. ஆர்ம் கழன்ற பிறகு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் குழாய் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க இணைப்பும் விலகக்கூடும்.

மாட்டும்போது நான் மிகவும் கவனம் செலுத்தியவை இரண்டு. ஒவ்வொரு போல்ட்டின் வழவழப்பான நடுப்பகுதியிலும், அது நுழையும் குழலின் உள்பக்கத்திலும் துருப்பிடித்து இறுகாமல் தடுக்கும் பசையை மெல்லிய படலமாகப் பூசினேன். மரையில் பூசவில்லை, மரை வழுக்கினால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவுக்குமேல் போல்ட்டு இழுபடும். அடுத்தது, லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் தூக்கிய நிலையில் முழுவதுமாக இறுக்கவில்லை. சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் சஸ்பென்ஷன் மேல் வந்த பிறகே சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே தன் இயல்பாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு கணமும் அது முறுக்குண்டே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். புதுப் புஷ் போட்டும் சீக்கிரம் போய்விட்டது என்று குறைபடும் பலருடைய கார்களில் காரணம் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்பிரிங்கை அழுத்திப் பழைய ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்துப் புதியதில் ஏற்றும் வேலையை மட்டும் வீட்டில் செய்யவில்லை. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கில் இருக்கும் விசை எலும்பை முறிக்கப் போதுமானது. ஸ்ட்ரட்டுகளை அப்படியே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச்சென்று, உரிய கருவியில் மாற்றிக்கொண்டு வந்தேன். அப்போதே ஸ்ட்ரட்டோடு சேர்ந்த மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் ஆகிய துணைப் பாகங்களையும் புதிதாகப் போட்டுவிட்டேன். பின்பக்க ஷாக் இரண்டும் ஸ்பிரிங்கோடு சேராமல் தனியாக மாட்டப்பட்டவை என்பதால் அதிகச் சிரமமில்லாமல் முடிந்தன.

இனி, இத்தனை காலப் பயன்பாட்டில் கண்டவை. ஸ்ட்ரட்டுகள் இன்றும் வறண்டே இருக்கின்றன. முன் டயர்களில் முன்பு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த தேய்வு, பாகங்களை மாற்றி வீல் அலைன்மெண்ட் செய்த பிறகு வரவில்லை. ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் கோணம் மாறுவதால், அலைன்மெண்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. பசை பூசிய போல்ட்டுகளில் ஒன்றைச் சென்ற வாடைக் காலத்துக்குப் பிறகு சோதனைக்காகக் கழற்றிப் பார்த்தேன். சாதாரண ஸ்பேனரிலேயே வந்தது, நடுப்பகுதி பளபளப்பாகவே இருந்தது. நிலைக்காதவை ஸ்டெபிலைசர் பாரின் நடுப்புஷ்கள். விலை குறைவு என்று வாங்கிய அந்த ரப்பர், இரண்டாவது கோடைக்குள் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. அவற்றுக்குப் பதிலாக அசல் புஷ்களைப் போட்ட பிறகு இதுவரை தொந்தரவு இல்லை. மற்ற பாகங்களில் விலை பார்க்கலாம், ரப்பரில் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பராமரிப்பில் எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது தண்ணீர்தான், ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். தனுஷ்கோடிக்குச் சென்று திரும்பும் கார்களை வீட்டு போர் தண்ணீரில் கழுவுகிறார்கள். கரையோரத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்நீர், அதில் அடிப்பகுதியைக் கழுவினால் உப்பு போகாது, மேலும் சேரும். 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்ட பிறகு உறவினர்களை அழைத்துச்செல்லும் வாய்ப்பு எங்களுக்கு அடிக்கடி வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வீசும்போது மணலும் அலைத் துளியும் சாலையைத் தாண்டி வந்து விழுகின்றன. அன்று மாலையே, மழைநீர்த் தொட்டியில் சேமித்த தண்ணீரையோ காவிரிக் கூட்டுக் குடிநீரையோ கொண்டு, சக்கர வளைவுக்குள் ஸ்பிரிங்கின் அடித்தட்டையும் லோயர் ஆர்மின் உள்பக்கத்தையும் கழுவுகிறேன். இரண்டு வாளி போதும். ஸ்பிரிங்கில் பெயிண்ட் உரிந்த இடம் தெரிந்தால் உடனே துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறேன். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் அடிவளையத்தில், பெயிண்ட் உரிந்து அரித்த அந்தப் புள்ளியில்தான்.

அடுத்ததாக மாற்ற வேண்டியது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான வலப்பக்க டை ராட் எண்ட். ரப்பர் உறையில் சிறு கீறல் விழுந்து கிரீஸ் வெளியே வரத் தொடங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இன்னும் தெரியவில்லை. ஆனால் உறை கிழிந்த ஜாயிண்ட்டுக்குள் இந்தக் காற்றின் உப்பு புகுந்துவிட்டால் அது மழைக்காலத்தைத் தாண்டாது. ஐப்பசி மழை தொடங்குமுன் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றி, மறுபடியும் ஒருமுறை அலைன்மெண்ட் பார்த்துவிட எண்ணியிருக்கிறேன்.