மலை நம்பிக்கு எந்தக் கேமரா: பென்டாக்ஸ் கே1000-ஆ, ஒலிம்பஸ் எக்ஸ்ஏ-வா?

என்னிடம் இரண்டு ஃபிலிம் கேமரா உண்டு. ஒன்று பென்டாக்ஸ் கே1000. 1976-ல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த எஸ்எல்ஆர், அதாவது உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாக லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கும் வகை. கீழே போட்டால் தரைக்குத்தான் காயம் என்று சொல்லலாம். இன்னொன்று ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. 1979-ல் வந்தது, சோப்பு டப்பா அளவு. திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடியிலிருந்து மலைமேல் இருக்கும் மலை நம்பி பெருமாள் கோயிலுக்கு நடந்து ஏறும்போதெல்லாம் எதைக் கொண்டுபோவது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். போன புரட்டாசியில் இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். கூட அத்தான் வந்திருந்தார்.

எடையை முதலில் முடித்துவிடலாம். கே1000 வெறும் உடம்பே 620 கிராம். லென்ஸ் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். எக்ஸ்ஏ ஏறக்குறைய 225 கிராம். ஜீப்பில் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நடந்தால் தெரியும். கழுத்துப் பட்டை வியர்வையில் ஊறி, ஒவ்வொரு எட்டுக்கும் பெட்டி நெஞ்சில் இடிக்கும். கொஞ்ச நேரத்தில் அதைப் பைக்குள் போட்டுவிட்டேன். கட்டுச்சோற்றுக்குக் கீழே போன கேமராவை வெளியே எடுக்க மனசு வராது.

ஆனால் இந்தப் பாதையில் உண்மையான சங்கடம் வெளிச்சம். வெட்டவெளிப் பாறையில் கண் கூசும். பத்து எட்டு வைத்து மரத்தடிக்குள் நுழைந்தால் பகலிலேயே மசண்டை. 400 வேக ஃபிலிமுக்கு (எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) வெயிலில் அபர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/16 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 500, அதாவது ஒரு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. எக்ஸ்ஏ-யின் ஷட்டர் 500-க்கு மேல் போகாது என்பதால் அபர்ச்சரை எஃப்/16-க்குத் தள்ளிவைக்க மறக்கக் கூடாது. நிழலில் கே1000-க்கு எஃப்/2, ஷட்டர் 60. எக்ஸ்ஏ-க்கு எஃப்/2.8, ஷட்டர் 30. காகிதத்தில் பார்த்தால் கே1000 ஒரு படி மேல், அதாவது துளை இரண்டு மடங்கு வெளிச்சத்தை விடும். கையில் பிடித்தால் அந்த ஒரு படி காணாமல் போகிறது. கே1000-ல் கண்ணாடி ‘டபக்’கென்று மேலே அடிக்கும்போது கை அதிரும். எக்ஸ்ஏ-யில் கண்ணாடியே கிடையாது. சிவப்புப் பொத்தானைத் தொட்டாலே போதும், சத்தமும் வராது. லென்ஸும் 35 எம்எம் என்பதால் 30-லும் படம் கலங்கவில்லை.

நம்பியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கருமந்தி கிளையில் உட்கார்ந்திருந்தது. கே1000-ல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஊசியை நடுவுக்குக் கொண்டுவர வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“மாப்ள, இன்னும் அந்த ஊசியவா பாத்துக்கிட்டு இருக்கே? கொரங்கு போயிட்டுல்லா!”

“இருங்கத்தான், இன்னொண்ணு இருக்கு” என்று அடுத்த மரத்தில் இருந்ததை எக்ஸ்ஏ-யில் எடுத்தேன். படம் கிடைத்தது. ஆனால் பின்னால் வானம் வெளுத்துக் கிடந்ததால் குரங்கு கரிக்கட்டை, அதுவும் பட்டாணி அளவு. கேமராவின் அடியில் வெளிச்சத்தை ஒன்றரைப் படி கூட்டும் நெம்புகோல் இருக்கிறது. அதைத் தள்ள மறந்தது என் தப்பு. பட்டாணி அளவுக்கு மட்டும் லென்ஸைத்தான் சொல்ல வேண்டும், அதைக் கழற்றி மாற்றவும் முடியாது.

கிட்டத்தில் எடுப்பதிலும் எக்ஸ்ஏ தோற்கும். 85 சென்டிமீட்டருக்குள் அது வராது. பாறைப் பாசி, பெரணிச் சுருள் எல்லாம் கே1000-க்குத்தான் சரி.

நம்பி மலைக்கு எக்ஸ்ஏ என்று இதோடு முடித்திருப்பேன், மாஞ்சோலை இல்லையென்றால். வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடமென்று ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகள் அடிக்கடி செய்தியில் வருமே, அந்தப் பக்கம். சில வருஷத்துக்கு முன் ஊத்தில் மூடுபனி இறங்கி, தேயிலைச் சரிவில் நின்ற ஒற்றை மரம் பாதி கரைந்து நின்றது. சிவப்புப் பொத்தானைத் தொட்டேன். அமைதி. பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. பேட்டரி இல்லாமல் எக்ஸ்ஏ வெறும் டப்பா. கே1000-க்கு மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி. அது போனாலும் ஷட்டர் அடிக்கும், வெளிச்சத்தைக் கண்ணால் கணித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அது வீட்டு அலமாரியில் இருந்தது.

ஃபிலிமைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கலர் ஃபிலிமான கோடக் கோல்டு 200 பாறைக்கும் கோபுரத்துக்கும் அழகு, மரத்தடியில் திணறும். இல்ஃபோர்டு ஹெச்பி5 400 வேகம், கருப்பு வெள்ளை, மூடுபனிக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் ஃபிலிம், கழுவும் செலவு சேர்த்து எனக்கு நாற்பது ரூபாய் ஆகிறது. அதனால் வீட்டில் கழுவக்கூடியதே என் கட்சி.

அதிலும் நம்ம ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. கலர் கெமிக்கலுக்கு 38 டிகிரி வேண்டும். பாளையங்கோட்டைச் சித்திரையில் வாளியை வெயிலில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. கருப்பு வெள்ளைக்கோ 20 டிகிரி. டி-76 டெவலப்பரில் ஹெச்பி5-க்கு ஏழரை நிமிஷம். அந்த ஏழரை நிமிஷத்துக்காக நான் ஃபிரிட்ஜில் இருக்கும் ஐஸ் முழுவதையும் காலி செய்வது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் நம்பி மலை. எக்ஸ்ஏ, ஒரு ரோல் ஹெச்பி5, சட்டைப் பையில் உதிரி பேட்டரி இரண்டு. மாஞ்சோலைக்கு அனுமதி கிடைக்கிற அன்றைக்குக் கே1000 அலமாரியை விட்டு இறங்கும். அதை யார் சுமப்பது என்று அத்தானிடம் இன்னும் பேசவில்லை.