220 பாட் மிச்சம் பிடிக்கப் போய் 22,000 பாட் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 22,000 பாட், தாய்லாந்துக் காசு. சிங்கப்பூர் வெள்ளியில் 880 சொச்சம். ஊருக்கு அனுப்பியிருந்தால் கிட்டத்தட்ட 60,000 ரூபாய். இரண்டு நாளைக்கு 600 பாட் வாடகை பேசிய ஒரு ஸ்கூட்டருக்காக, தாய்லாந்தின் புக்கெட் தீவில், போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கடைவாசலில் நின்று எண்ணிக் கொடுத்தேன். இன்று செவ்வாய். இன்னும் வயிறு எரிகிறது. அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நேற்று விமானம் ஏறியவன் இல்லை. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஏழு வருடம். வெள்ளிக்கிழமை முதுகுப்பையோடு ஆபீசுக்குப் போய், அங்கிருந்தே சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்புகிற ஆள். படகில் ஒரு மணி நேரத்தில் பாத்தாம், பஸ்ஸில் மலாக்கா, பினாங்கில் நாசி கண்டார் சோறு, சியம் ரீப்பில் விடிவதற்கு முன்பே போய் அங்கோர் வாட் குளத்தங்கரையில் இடம் பிடித்தது எல்லாம் ஆயிற்று. பாங்காக்கில் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒருத்தர் நெருங்கி வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, டுக்டுக் ஆட்டோவில் வேறு கோயில் காட்டச் சொல்கிறேன்" என்றார். அந்த டுக்டுக் கடைசியில் எந்த ரத்தினக்கல் கடை வாசலில் போய் நிற்கும் என்று எனக்கா தெரியாது? சிரித்துவிட்டு நேரே நடந்தேன். அரண்மனை திறந்துதான் இருந்தது. இந்தக் கதையை ஆபீசில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். யார் எங்கே கிளம்பினாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

இந்தத் தடவை கூட வந்தது அறையில் இருக்கும் தம்பி. புதுக்கோட்டைப் பையன், சிங்கப்பூரைத் தவிர வேறு வெளிநாடு பார்க்காதவன். தாய்லாந்துக்குள் போகிறவர்கள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்பது 2025 மே 1 முதல் சட்டம். அவன் கூகுளில் தேடி முதலில் வந்ததைத் திறந்திருக்கிறான். அது கட்டணம் கேட்டது. "டேய், மூடுடா அதை, குடிநுழைவுத் துறை தளத்துல இது இலவசம்டா" என்று பிடுங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன். "அண்ணன் இல்லன்னா மாட்டியிருப்பேன்" என்றான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூன்று நாள் கழித்து மாட்டியது அண்ணன்.

ஸ்கூட்டரைப் பதிவு செய்தது சுற்றுலா டிக்கெட், கேபிள் கார், படகுச் சவாரி எல்லாம் விற்கும் ஒரு ஆப்பில். பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி பயப்படுகிறான். கடைக்கு நல்ல நட்சத்திரம், நூற்றுக்கணக்கில் பாராட்டு. ஒரு நாளைக்கு 300 பாட். டெபாசிட் பற்றி அதில் "கடையில் செலுத்தவும்" என்று ஒரே ஒரு வரி.

சனிக்கிழமை காலை கத்தா கடற்கரைப் பக்கம் இருந்த அந்தக் கடைக்குப் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை ஆச்சி மாதிரியே முகம், சத்தியமாக. டெபாசிட் 5,000 பாட் ரொக்கம், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் என்றார். கையில் 4,000தான் இருந்தது. எதிரிலேயே ஏடிஎம். ஆனால் அங்கே வெளிநாட்டு அட்டையை நுழைத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட் பிடிப்பார்கள். ஆயிரம் பாட் எடுக்க 220 தண்டமா என்று மனசு கணக்குப் போட்டது. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு கவரில் போட்டு, என் பெயரை எழுதி, என் கண்ணெதிரே இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்த இரண்டு கை இருக்கிறதே, அதில்தான் விழுந்தேன்.

வண்டியை வெளியே எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரையில் அப்படித்தான். அந்த அம்மா உள்ளே ஓடிப்போய் இரண்டு மழைக்கோட்டு கொண்டுவந்தார். காசு வேண்டாம் என்றார். என் பைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார். "விமானம் எப்போது? சொல்லுங்கள், டாக்ஸி மலிவாக ஏற்பாடு செய்கிறேன்" என்றார். ஞாயிறு இரவு ஒன்பது பத்து என்று சொன்னேன். நானே, என் வாயால் சொன்னேன்.

தம்பி அப்போது கேட்டான்: "அண்ணே, வண்டியச் சுத்தி ஒரு வீடியோ எடுத்துருவோமா? யூடியூபுல அப்படித்தான் சொல்றாங்க."

மழைக்கோட்டு கொடுத்து நிற்கிற பொம்பளை முன்னால் திருடனைச் சந்தேகப்படுகிற மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதா? "விடுடா, அந்தம்மா என்ன நினைக்கும்" என்றேன். அந்த அம்மாவே, "நாங்கள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி போனை ஆட்டிக் காட்டினார்.

இரண்டு நாளும் நன்றாகத்தான் போனது, அதுதான் இன்னும் எரிச்சல். அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்க ஓட்டம், சிரமமே இல்லை. கரோன் காட்சிமேடையில் ஏறி மூன்று கடற்கரையையும் ஒரே பார்வையில் பார்த்தோம். புரொம்தெப் முனையில் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது, பரவாயில்லை. பழைய புக்கெட் ஊரில் ரொட்டியும் கறியும் தின்றோம். கீழே விழவில்லை. எங்கும் உரசவில்லை. வண்டியை ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அந்த அம்மா இல்லை. ஒரு ஆள், முப்பது வயது இருக்கும், டார்ச்சோடு வந்தான். வெயில் அடிக்கிறது, டார்ச் எதற்கு என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். நேராகக் குனிந்து, கால் வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு கீறல். முன் மட்கார்டு ஓரத்தில் ஒன்று. புகைக்குழாய் மூடியில் ஒன்று. தேடவே இல்லை, போய்த் தொட்டான். கீறலுக்குள் கறுப்பாக அழுக்கு உறைந்திருந்தது. நேற்று விழுந்த கீறலில் எப்படி அய்யா அழுக்கு உறையும்? கேட்டேன். போனில் ஒரு படம் காட்டினான். பளபளவென்று ஒரு வண்டி. நிறம் அதேதான், நம்பர் பிளேட் மட்டும் படத்தில் இல்லை.

பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியல் ஒன்று வந்தது. பாகம் மாற்ற இவ்வளவு, கூலி இவ்வளவு, வண்டி பழுதுக்கு நிற்கும் ஏழு நாளைக்கு வாடகை இவ்வளவு. மொத்தம் 35,000 பாட். நான் கத்தினேன். அவன் கத்தவில்லை. கடிகாரத்தைக் காட்டி, "உங்கள் விமானம் ஒன்பது பத்துக்குத்தானே?" என்றான்.

கத்தா தீவின் தெற்கே இருக்கிறது, விமான நிலையம் வடக்கே. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். பாஸ்போர்ட் இல்லாமல் நான் எங்கே போவது? இந்தியத் தூதரகம் பாங்காக்கில். திங்கள் காலை ஆபீஸ். அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஐந்தே முக்கால் வரைக்கும் பேரம் பேசி 35,000ஐ 22,000க்குக் கொண்டுவந்தேன். அதையும் அப்போது ஒரு சாமர்த்தியமாக நினைத்தேன், வெட்கக்கேடு. அட்டை வாங்க மாட்டானாம், ரொக்கம்தான். எதிரே இருந்த அதே ஏடிஎம்முக்குப் போனேன். என் இரண்டு அட்டையிலும் மாறி மாறி எடுத்தேன். இரண்டு தடவையும் 220, 220 என்று பிடித்தது.

கவரைப் பிரித்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். கூடவே ஒரு தண்ணீர் பாட்டில்.

ரசீது? கேட்டதற்குச் சிரித்தான்.

விமானத்தைப் பிடித்தோம். "பாதி நான் தர்றேண்ணே" என்று தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன். வீடியோ எடுக்கலாம் என்று சொன்னவனிடம் எந்த முகத்தோடு காசு வாங்குவது.

இனி அதற்குப் பிறகு நடந்தது. திங்கள் காலை ஆப்பில் புகார் போட்டேன். முதலில் பேசியது இயந்திரம். "உங்கள் சங்கடம் எங்களுக்குப் புரிகிறது" என்று நான்கு தடவை சொன்னது. மதியம் ஒரு ஆள் வந்தார். நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, சேதம் பற்றிய தகராறு உங்களுக்கும் கடைக்கும் இடையில் என்றார். அப்படியானால் அந்தக் கடையை ஏன் உங்கள் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்கள் கருத்தை உரிய பிரிவுக்கு அனுப்புகிறேன்." ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. வண்டியை எடுக்கும்போது எடுத்த படம்? இல்லை. அவர் பேசிய 600 பாட் வாடகையைக்கூடத் திருப்பித் தரவில்லை. நல்லெண்ணமாக 10 வெள்ளி வவுச்சர் அனுப்பினார். 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால்தான் செல்லுமாம். 22,000 பாட்டுக்கு 10 வெள்ளி!

கடைக்கு வாட்ஸாப் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு புரொஃபைல் படம் காணாமல் போனது.

பயணக் காப்பீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மரியாதையான பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "சார், டூ வீலர் ஓட்ட என்ன லைசென்ஸ் வைத்திருந்தீர்கள்?" என் சிங்கப்பூர் லைசென்ஸ் கிளாஸ் 3, கார் மட்டும். டூ வீலருக்கு ஊர் லைசென்ஸ் இருக்கிறது, சர்வதேச அனுமதி எடுக்கவில்லை. அதோடு பேச்சு முடிந்தது. இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது. விழுந்து கால் உடைந்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

வங்கியில் கேட்டதற்கு, ஏடிஎம்மில் நீங்களே ரகசிய எண் போட்டு எடுத்த பணம், அதில் தகராறு எழுப்ப வழியில்லை என்றார்கள். அட்டையில் தேய்த்திருந்தால் கேட்டுப் பார்க்கவாவது இடம் இருந்திருக்கும். அதனால்தான் அவன் ரொக்கம் கேட்டிருக்கிறான்.

இதுபோன்ற வாடகைக் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன கேட்பது என்று வரிசையாகப் பத்துப் பாயிண்ட் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, கோபத்தில் பாதி மறந்தும் போனது. நினைவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அது நம் சொத்துகூட இல்லை, இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. ரொக்கம் கொடுங்கள், நகல் கொடுங்கள், ஒத்துவராவிட்டால் அடுத்த கடைக்கு நடங்கள். வண்டியைக் கடைக்காரர் கண்ணெதிரே, நம்பர் பிளேட்டோடு சேர்த்து வீடியோ எடுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. விமான நேரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. எனக்கு அந்தக் கடைவாசலில் அது நினைவுக்கே வரவில்லை, சாங்கியில் பெல்ட்டில் பை வரக் காத்திருக்கும்போது வந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் ஓட்டவே ஓட்டாதீர்கள், டாக்ஸி பிடியுங்கள், அதில் ஏமாந்தால்கூட ஐநூறு பாட்டோடு போகும்.

ஊரில் இருக்கும் வீட்டுக்காரியிடம் 2,000 பாட் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.