கறுப்புக் காரா, துரு ஏறிய டேங்கரா?

பாலைவனத்தில் வண்டிகள் துரத்தி மோதிக்கொள்ளும் 'மேட் மேக்ஸ்' படவரிசையின் நாலாவது படம் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' 2015 மே மாதம் வெளிவந்தது. அன்றிலிருந்து அதன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். அத்தனை வண்டிகளில் எது ராஜா? நாயகன் மேக்ஸின் கறுப்புக் கார் இன்டர்செப்டரா, நாயகி ஃப்யூரியோசா ஓட்டித் தப்பிக்கும் வார் ரிக் டேங்கரா? நான் இரண்டையும் மாடலாகச் செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு கார், போன வருடம் டேங்கர். எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் வார் ரிக். காரணம் ஒன்றே ஒன்றுதான்: பராமரிப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்ற வண்டிகளை நான் மறக்கவில்லை. வில்லன் இம்மார்ட்டன் ஜோவின் கிகாஹார்ஸ், 1959 மாடல் கடிலாக் கார் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்தது. டூஃப் வேகன், எட்டுச் சக்கர ராணுவ லாரியில் ஸ்பீக்கர் சுவர் கட்டி, நெருப்பு கக்கும் கிட்டாரோடு ஒருவனை முன்னால் தொங்கவிட்டது. திரையில் பார்க்க இரண்டும் அபாரம். ஆனால் மாடல் செய்ய நான் துணிந்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கார் கட்சிக்காரர்கள் பக்கம் இருப்பது வரலாறு. 1979-இல் வந்த முதல் படத்துக்கு ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்பி ஜிடி கூப்பே ஒன்றை வாங்கி, மூக்கை மாற்றி, கறுப்புப் பூசி இறக்கினார்கள். 1973 மாடல், 5.8 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். கையில் காசு குறைவாக இருந்த படம் அது. பானெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, வெறும் தோற்றம்தான், பெல்ட்டைச் சுற்றியது ஒரு சின்ன மின்மோட்டார். இதைக் கேட்டு ஏமாந்தவர்களும் உண்டு, அந்தக் கைவேலையை இன்னும் அதிகமாக நேசிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. 1981-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அதே கார்தான் ஓடியது. வெடித்துச் சிதறுவது அதன் நகல். படம் முடிந்ததும் அசல் கார் பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தது. அதைத் தேடிப்பிடித்து மீட்டுச் சரிசெய்தது ஒரு ரசிகர். ஒரு வண்டிமேல் இவ்வளவு பாசம் வைக்கிறவர்களை வாதத்தில் ஜெயிப்பது கஷ்டம்.

பெயரிலேயே ஒரு தகராறு இருக்கிறது. முதல் படத்தில் இன்டர்செப்டர் என்பது மஞ்சள் நிற போலீஸ் வண்டி, கறுப்பு வண்டியின் பெயர் பர்சூட் ஸ்பெஷல் என்று பழைய ரசிகர்கள் திருத்துவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் உலகமே இன்டர்செப்டர் என்று சொல்லப் பழகிவிட்டது, நானும் அப்படியே சொல்கிறேன்.

இனி டேங்கர். 'ரிக்' என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிதான் ஞாபகம் வரும். வேலை வேறு என்றாலும் வாழ்க்கை ஒன்றுதான். மாதக்கணக்கில் ஊர் ஊராக ஓடுவது, ஆட்கள் வண்டியோடே கிடப்பது, எது உடைந்தாலும் நடுவழியில் இறங்கித் தானே சரிசெய்வது. வார் ரிக்கின் அடிப்பாகம் செக் நாட்டு டாட்ரா 815 லாரி. அதன்மேல் செவ்ரோலே ஃப்ளீட்மாஸ்டர் காரின் உடம்பை ஒட்டவைத்திருக்கிறார்கள். இந்த டாட்ரா நமக்கு அந்நியமானதல்ல. நம் ராணுவத்தின் பினாகா ராக்கெட் வண்டியைக் குடியரசு தின அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள், அதைச் சுமப்பதும் டாட்ராதான். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே குழாய், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அரை அச்சுகள். மேடு பள்ளம் எதுவானாலும் சக்கரம் தரையை விடாது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். தண்ணீருக்காக மக்கள் அடித்துக்கொள்ளும் கதைக்கு அடிவண்டியாக இது அமைந்த பொருத்தத்தை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் கதைப்படி திரையில் நாம் பார்ப்பது இரட்டை வி8 எஞ்சின், அது சூடாகத்தான் செய்கிறது. அப்புறம் ஆறட்டும் என்று காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

இந்தப் படத்துக்காக ஏறக்குறைய 150 வண்டிகள் கட்டப்பட்டன. கட்டியது தயாரிப்பு வடிவமைப்பாளர் காலின் கிப்சனின் குழு. முதலில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பக்கம் படமெடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மழை கொட்டி, செம்மண் பாலை பூத்துக் குலுங்கியதால் எல்லாவற்றையும் கப்பலேற்றி 2012-இல் நமீபியா பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்காரில் ஆறு விருது வாங்கிய படம், அதில் ஒன்று தயாரிப்பு வடிவமைப்புக்கு. ரசிகர்களை அன்று மயக்கியது இதுதான். வண்டிகள் நிஜம், அவை மோதிக்கொள்வதும் நிஜம்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். முதலில் படத்துக்குள்ளேயே பாருங்கள். ஃப்யூரி ரோட்டில் இன்டர்செப்டர் ஆரம்பத்திலேயே பறிபோகிறது. கறுப்பைச் சுரண்டியெடுத்து, வெற்று இரும்பாக்கி, உயரம் கூட்டி வேறொருவன் ஓட்டுகிறான். கடைசியில் நசுங்குகிறது. மேக்ஸ் அதைப் பார்த்துத் தவிக்கிறானே தவிர, அதற்கு ஒரு ஸ்பேனர் பிடிக்கக்கூட அவனுக்கு வாய்ப்பில்லை. வார் ரிக்கோ படம் முழுக்கப் பழுதாகிக்கொண்டே இருக்கிறது, ஓட ஓடப் பழுது பார்க்கப்படுகிறது. எஞ்சின் தீப்பிடிக்கிறதா, முன்னால் இருக்கும் கலப்பையை இறக்கி மணலை வாரி வீசி அணைக்கிறாள் ஃப்யூரியோசா. சேற்றில் புதைகிறதா, அந்தப் பாழ்நிலத்தில் மிஞ்சிய ஒரே மரத்தில் சங்கிலி கட்டி இழுக்கிறார்கள். அதுவரை எதிரியாக இருந்த நக்ஸ் ஒரு மெக்கானிக்காகத்தான் அவர்களோடு சேர்கிறான். அந்த வண்டியை ஓடவைக்கும் வேலைதான் முறைத்துக்கொண்டிருந்தவர்களை ஒரு குடும்பமாக்குகிறது. காரில் இப்படி ஒரு காட்சியைக் காட்டுங்கள் என்று கேட்டால் கார் கட்சியினர் பழைய படங்களுக்குத் தாவிவிடுவார்கள்.

என் அலமாரியிலும் இதே கதைதான் நடந்தது.

காரைச் செய்தது கிட், அதாவது உறுப்புகள் தயாராக வரும் பெட்டி, வாங்கித்தான். ஜப்பானின் ஆவோஷிமா நிறுவனம் 1/24 அளவில், நிஜ வண்டியின் இருபத்துநாலில் ஒரு பங்காக, போடுகிறது. முடிந்ததும் இருபது சென்டிமீட்டர் நீளம், கையில் அடங்கும். உறுப்புகளை ஒட்டுவது பெரிய வேலையில்லை. பெயின்ட் அடிப்பதுதான் வேலை. பளபளக்கும் கறுப்பு எந்தத் தப்பையும் மன்னிக்காது. அடிப்பூச்சாக பிரைமர், அதன்மேல் 2000-ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பு, கறுப்பு, மறுபடி தேய்ப்பு, மேலே வார்னிஷ் என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது. முடித்து வைத்தபோது பானெட்டில் என் முகம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. ஜன்னலைத் திறந்தால் இரண்டே நாளில் கார்மேல் சாம்பல் பூத்தது மாதிரி தூசி. ஓவியத் தூரிகையால் தட்டினால் போகும், ஆனால் ஒவ்வொரு தட்டலும் மெல்லிய கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். விரல் பட்டால் ரேகை. மழைக்காலத்தில் வார்னிஷ்மேல் லேசான மங்கல். கண்ணாடிப் பெட்டி வாங்கி மூடினேன். எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பதற்காகச் செய்த கார், அன்றிலிருந்து பெட்டிக்குள் போய்விட்டது.

போன ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார். ஸ்கூட்டி, சைக்கிள், அப்படியே அலமாரியில் இருந்த இரண்டும். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, காரின் பானெட்டில் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம். "இதுவும் வண்டிதானேடா, இதை மட்டும் விட்டா எப்படி?" என்றார். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் போனது, ஆனால் அந்த இடத்தில் ஐந்து பைசா அளவுக்கு ஒரு மங்கல் வட்டம் நின்றுவிட்டது. பாலிஷ் போட்டும் போகவில்லை. முழு பானெட்டையும் தேய்த்து மறுபடி பூசினால்தான் போகும். டேங்கருக்கும் அதே சந்தனம், அதே குங்குமம்தான், பம்பரில். துடைத்தபின் அங்கே ஒரு செம்பழுப்புக் கறை தங்கியது. பக்கத்தில் இருக்கும் துருவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கே இரண்டு நிமிடம் ஆனது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

டேங்கரைச் செய்தது கிட் இல்லாமல். திரையில் இருக்கும் வண்டி இழுவையோடு சேர்த்து 20 மீட்டருக்கு மேல் நீளம், 1/24-இல் செய்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆகிவிடும். அதனால் 1/43-க்கு இறங்கினேன், அதுவே அரை மீட்டரைத் தொட்டது. டாங்கிக்கு ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப். கேபினுக்கு பிளாஸ்டிக் ஷீட், ஒரு பழைய பொம்மைக் காரின் மேல்பாகம். சக்கரங்கள் உடைந்த பொம்மை லாரிகளிலிருந்து. எல்லாம் ஒட்டியபோது பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. பெயின்ட்தான் காப்பாற்றியது, அதற்கு உதவியது சமையலறை உப்பு.

முதலில் முழுவதும் துருப் பழுப்பு அடித்து, வார்னிஷ் போட்டுக் காயவிட வேண்டும். அப்புறம் தண்ணீர் தொட்டு, துரு தெரியவேண்டிய இடங்களில் உப்பைத் தூவ வேண்டும். ஓரங்கள், படிக்கட்டு, மூடியைச் சுற்றி. தூள் உப்பும் இடித்த கல் உப்பும் கலந்தால் பொட்டுகள் ஒரே அளவில் வராது, நிஜம் மாதிரி இருக்கும். காய்ந்தபின் மேலே கருஞ்சாம்பல். அதுவும் காய்ந்ததும் பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் உப்பு கரைந்து போகும், பெயின்ட் பிய்ந்து அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். கடைசியில் கலர் சாக்கட்டியை பிளேடால் சுரண்டி அந்தப் பொடியைப் புழுதியாகத் தடவி, பளபளப்பில்லாத வார்னிஷால் உட்காரவைக்க வேண்டும். இதில் கை தவறினால் அதுவும் ஒரு அடிபட்ட தழும்புதான். ஒருமுறை டேங்கர் அலமாரியிலிருந்து விழுந்து முன் கலப்பை வளைந்தது. நிமிர்த்தவில்லை.

நிறம் பார்க்க எனக்கு ஒரு வழி உதவியது, மாடல் செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் படத்துக்கு 'பிளாக் அண்ட் குரோம்' என்று கறுப்பு வெள்ளைப் பதிப்பு ஒன்று உண்டு. இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். வண்ணப் பதிப்பில் ஆரஞ்சு மணல் கண்ணைப் பறித்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் எங்கே எண்ணெய் வழிந்திருக்கிறது, எங்கே இரும்பு தேய்ந்து மின்னுகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் டாங்கியின் அழுக்கைப் போட்டேன்.

எதிர்வாதமும் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் வரும் புழுதி படிந்த, பளபளப்பு போன இன்டர்செப்டரைச் செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் செய்து பார்க்கவில்லை. செய்திருந்தால் இரண்டுக்கும் இடைவெளி குறைந்திருக்கலாம். ஆனால் அந்தக் காரின் அழகு எனக்கு முதல் படத்துப் பளபளப்பில்தான் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுக் காரைச் செய்ய மனம் வரவில்லை. பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் பெயின்ட் மட்டுமே எனக்குப் பழக்கம். நிஜக் காருக்கு அடிக்கிற வகைக் கெட்டி கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, போட்டால் குங்குமக் கறையையும் தாங்கலாம்.

விலை, இடம், நேரம் மூன்றிலும் கார்தான் லாபம். டேங்கருக்கு நாலரை மாதம் ஆனது, ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. விற்க நினைத்தாலும் காருக்குத்தான் ஆள் வரும். கையால் செய்த டேங்கருக்கு என்ன விலை சொல்வது என்று எனக்கே தெரியாது. முதல்முறை மாடல் செய்பவர் காரில் தொடங்கட்டும், கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்தே வாங்கட்டும். ஒட்டவும் பூசவும் கை பழகியவர் நேராக டேங்கருக்கு வரலாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது காருக்கு முன்னால்தான். "தொடலாமா?" என்பார்கள். நான் டேங்கரைக் கையில் எடுத்துக் கொடுப்பேன். போன வாரம் அக்கா பையன் அதைத் தரையில் வைத்து ஹால் முழுக்க ஓட்டினான். பின்னால் இழுக்கும் உருண்டை எரிபொருள் டாங்கியின் கொக்கி கழன்றுவிட்டது. படத்திலும் அந்த உருண்டை பாதி வழியில் கழற்றிவிடப்படுவதுதான். ஒரு கிட்டார் கம்பித் துண்டை வளைத்துப் புதுக் கொக்கி செய்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு மாட்ட வேண்டும்.