குழாயடியில் ஒரு கைப்பக்குவம்: டிராஃப்ட் பீர் கூடம் ஒன்றின் மதிப்புரை

எட்டுக் குழாய்கள் மட்டுமே உள்ள சிறிய பீர் கூடம் ஒன்றுக்கு அண்மையில் மூன்று மாலைகள் போய்வந்தேன். வாரக்கணக்கில் பொறுத்திருந்து தயாரித்த பீர், குழாயிலிருந்து கிளாஸுக்கு இறங்கும் சில நொடிகளில் பாழாகிவிடக்கூடும் என்பதால், எந்தெந்த பீர் கிடைக்கிறது என்பதைவிட அதை எப்படி ஊற்றித் தருகிறார்கள் என்பதையே நான் கவனித்துப் பார்த்தேன்.

முதல் நாள் குளிர்ந்த சூழலில் நொதிக்கவைத்த லாகர் வகை பீர் கேட்டேன். பரிமாறிய பெண் கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி உதறி, 45 பாகை சாய்த்துப் பிடித்து, குழாயின் கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுவதும் திறந்தார். பாதி திறந்தால், குறுகிய வழியில் சீறிவரும் பீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அங்கேயே பிரிந்து, கிளாஸில் நுரைதான் நிறையும். பீர் பக்கச்சுவரில் வழுக்கி இறங்கிப் பாதிக்கு மேல் ஏறியதும் கிளாஸை மெல்ல நிமிர்த்தி நடுவில் விழவிட்டார். இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணுரை திரண்டு எழுந்தது. இவ்வளவுக்கும் குழாயின் மூக்கு ஒருமுறைகூட பீரில் படவில்லை. அது பட்டால் மூக்கில் ஒட்டிய பீர் காய்ந்து கிருமிகளுக்கு இடமாகி, அடுத்தவரின் கிளாஸுக்கும் போய்ச் சேரும்.

நுரையைக் கண்டதும் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இங்கே கிளாஸின் விளிம்புக்குச் சற்றுக் கீழே அளவுக்கோடு இருக்கிறது. பீர் கோடுவரை வருகிறது, நுரை அதற்கு மேல் நிற்கிறது. மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் புரதமும், ஹாப்ஸ் எனும் கொடிப்பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து தாங்கி நிற்கும் அந்த நுரை வழியாகத்தான் பீரின் மணம் மூக்கை எட்டுகிறது. நுரையே எழாமல் ஊற்றினால் வாயு பீரிலேயே தங்கிப்போய், குடித்த பிறகு வயிற்றை உப்பவைக்கும். ஆகவே நுரையை வழித்தெறியச் சொல்லாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாக நுரை கண்ணாடியில் படிந்து நின்றது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிளாஸில்தான் இப்படிப் படியும். வேறோர் இடத்தில் எனக்குக் கிடைத்த கிளாஸில், உட்சுவர் முழுவதும் குமிழிகள் முத்துமுத்தாக ஒட்டியிருந்தன. நுரை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பீரில் வெண்ணெய் வாடை வேறு. பீர் அடைத்திருக்கும் உலோகப் பீப்பாயான கெக்கிலிருந்து குழாய்க்கு வரும் லைன்களை நெடுநாள் கழுவாமல் விட்டால், உள்ளே வளரும் பாக்டீரியா அந்த வாடையைத் தரும். இந்தக் கூடத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை லைன்களைக் கழுவி, தேதி எழுதிய சீட்டைக் குழாயடியிலேயே ஒட்டிவைக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடியும் போகலாம்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டாம் நாள் கூட்டம் அதிகம். நைட்ரஜன் கலந்து வரும் ஸ்டவுட் என்ற கருநிற பீரை முக்கால் கிளாஸ் ஊற்றி, பழுப்பு அலைகள் அடங்கிக் கருமையும் நுரையும் தனித்தனியாகப் பிரியும்வரை வைத்திருந்து, பிறகுதான் மிச்சத்தை நிரப்ப வேண்டும். அன்று ஓர் இளைஞர் அவசரத்தில் ஒரே மூச்சில் நிரப்பிவிட, நுரை வழிந்து மேசையெல்லாம் ஈரமானது. காத்திருக்கச் சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு காத்திருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் ஃப்ரீசரிலிருந்து எடுத்த, உறைபனி படிந்த கிளாஸில் பீர் வந்தது. பார்வைக்கு அழகுதான், ஆனால் பனித்துகள் பட்டதும் பீர் கட்டுக்கடங்காமல் நுரைக்கும், உருகும் பனி அதில் தண்ணீராகக் கலக்கும், அந்தக் கடுங்குளிரில் நாக்கு மரத்துச் சுவையும் தெரியாது. கெக் ஏற்கெனவே 3 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்திருக்கும்போது இது தேவையே இல்லை. சாதாரண கிளாஸில் தரமுடியுமா என்று கேட்டேன். முதல் நாள் பரிமாறிய அதே பெண் முகம் சுளிக்காமல் வேறொரு கிளாஸை எடுத்து, நீரில் அலசி, புதிதாக ஊற்றிக் கொடுத்தார். கடைசி மிடறுவரை அதில் நுரை நின்றது.